ஒரு தோளுக்கு ஊரே பத்தியம்

புன்னைத்துறையில் ஒரு வருசம் மீன்குழம்புக்கே பஞ்சம் வந்ததைப் பற்றிக் கேட்டால், அங்கே யாரும் கடலைக் குறை சொல்ல மாட்டார்கள். கடல் அந்த வருசமும் வாரி வாரித்தான் கொடுத்தது, சாளையும் பாறையும் விளமீனும் கரையில் குவிந்து லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போயின, ஆனால் ஊருக்குள் ஒரே ஒரு ஆளைத் தவிர யார் தட்டிலும் ஒரு துண்டு மீன் விழவில்லை, ஏனென்றால் அந்த வருசம் ஃபபியோலாவின் வலது தோளுக்கு மருந்து நடந்துகொண்டிருந்தது, அந்த மருந்துக்கு மீனும் புளியும் ஆகாது, அந்த மருந்தைக் குடித்தது ஊர்.

தனிஸ்லாஸ் சார் மட்டும் மருந்தும் குடிக்கவில்லை, மீனையும் விடவில்லை. அவர்தான் ஃபபியோலாவின் கோச். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், வடக்கே போய்ப் பயிற்சியாளர் டிப்ளமா வாங்கி வந்தவர், அந்த டிப்ளமாவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நடுவீட்டில் இருதய ஆண்டவர் படத்துக்கு நேர் எதிரே மாட்டியவர். சூசையம்மா கருவாடு காயப்போடுகிற களத்தில் காக்கைக்குக் கல்லெறிந்துகொண்டிருந்த அவள் மகளின் கை வீச்சைப் பார்த்து, அந்தக் கையில் ஈட்டியைக் கொடுத்தவரும் அவர்தான். அன்றிலிருந்து ஃபபியோலா மாவட்டம், மாநிலம், தேசம் என்று எறிந்து எறிந்து முன்னேறினாள், அவரோ திட்டித் திட்டி முன்னேறினார். அவர் வாயிலிருந்து அவளைப் பற்றி வந்த மிக உயர்ந்த பாராட்டு "பரவாயில்ல" என்பது, அதையும் அவள் பக்கத்தில் இல்லாதபோதுதான் சொன்னார்.

தோள் போனதும் அவரால்தான் என்று அவருக்குத் தெரியும். அதற்கு முந்தின வருசப் போட்டியில் "சார், உள்ளே ஏதோ இழுக்குது" என்று அவள் சொன்னபோது, "இழுத்தா இழுக்கட்டும், இன்னொண்ணு எறி" என்றார். அவள் எறிந்தாள், ஈட்டி போன தூரத்தைவிடக் கூடுதலாக அவள் கத்திய கத்தல் போனது. படம் எடுத்துப் பார்த்த பெரிய டாக்டர் ஆபரேஷன் என்றார், ஒரு வருசம் ஈட்டியைத் தொடக்கூடாது என்றார். ஆசியப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேசியப் போட்டியோ சில மாதத்தில் வந்து நின்றது, அதை விட்டால் அடுத்த ஆசியப் போட்டிக்குள் ஃபபியோலாவின் கால்களுக்கு வயதாகிவிடும். அவள் அழவில்லை. தினமும் மைதானத்துக்கு வந்து, இடது கையால் ஈட்டிகளைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள், அதைப் பார்க்கத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"தாணுலிங்கம் ஆசானைக் கூப்பிடுவோம்" என்றாள் அவர் மனைவி மெட்டில்டா.

தாணுலிங்கம் ஆசான் நாகர்கோவில் பக்கத்து வர்ம வைத்தியர். சிவப்பு ஸ்கூட்டரில் எண்ணெய்க் குப்பிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ள வந்து இறங்கி, ஃபபியோலாவின் தோளில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, "நரம்பு கோவிச்சுக்கிட்டு நிக்குது, சமாதானம் பண்ணிரலாம்" என்று சொல்லி, காலையும் மாலையும் கஷாயம், மீனும் புளியும் கூடாது என்று பத்தியமும் சொல்லி முடித்தபோது, தனிஸ்லாஸ் சார் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஆசானே, அதுல என்னென்ன போடுதீரு?"

"பட்டை, வேரு, கொழுந்துன்னு எல்லாம் சொல்லுவேன் ஓய். கடைசியில ஒரு நாலு சாமான் மட்டும் சொல்ல மாட்டேன். அது என் குருவுக்குக் கொடுத்த வாக்கு."

"அந்த நாலு போதும், இவளைப் போட்டியிலருந்து தூக்கி வீச. கேம்ப்ல ஒரு மல்யுத்தக்காரன் இருமலுக்கு மாமா கொடுத்த லேகியத்தை நக்கினான். மருந்துச் சோதனையில மாட்டி, இப்ப வீட்டுல மாடு மேய்க்கான். இவ வாயில போற ஒவ்வொரு சொட்டுக்கும் நான் பதில் சொல்லணும் ஓய்."

ஃபபியோலாவும் தலையை ஆட்டினாள். எண்ணெய்கூடத் தொட மாட்டேன் என்றாள். ஆசான் அதற்கெல்லாம் சளைத்தவராகத் தெரியவில்லை, மெட்டில்டா கொடுத்த காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி, "அப்போ வேற யாராவது குடிங்க" என்றார். "பால்குடிப் பிள்ளைக்குச் சொகமில்லன்னா தாய்தானே மருந்து குடிக்கா, தாய்தானே பத்தியம் இருக்கா?"

"இவ பால்குடிப் பிள்ளையா ஓய்?"

"பிள்ளைக்கு வயசு ஏறும். தாய்க்கு அந்த இடத்துல வயசு ஏறுமா?"

சூசையம்மா அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. கஷாயத்தை வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மடமடவென்று குடித்து முடித்தாள். கருவாட்டுக்காரி கருவாட்டை விட்டாள், புளியை விட்டாள், வெறும் மிளகு ரசமும் சோறுமாக உட்கார்ந்தாள், அந்த வாரமே ஃபபியோலா தன் வலது கையால் தானே தலை பின்னிக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். அதைப் பார்த்து ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. தாய் குடித்தால் பிள்ளைக்குப் பிடிக்கும் என்பது அவர்களுக்குப் பழகிய விஷயந்தான், பிள்ளை கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதானே என்றார்கள். தனிஸ்லாஸ் சார் மட்டும் "ஓய்வு கொடுத்தோம்லா, அதுல ஆறிருக்கும்" என்றார்.

ஆனால் தலை பின்னுகிற தோள் வேறு, ஈட்டி எறிகிற தோள் வேறு. இவ்வளவு பெரிய வேலை செய்கிற தோளுக்கு ஒரு தாய் பற்றாது என்று ஆசான் சொன்னார், உடனே பக்கத்து வீட்டுக்காரி குடித்தாள், அவள் குடித்தால் நான் என்ன குறைச்சலா என்று எதிர்வீட்டுக்காரி குடித்தாள், பிறகு தெருத் தெருவாகப் பரவி, கடைசியில் கோவில் திருவிழாவுக்கு நேர்ச்சைக் கஞ்சி காய்ச்சுகிற அண்டாவைப் பங்குச் சாமியாரே திறந்துவிட்டார். காலைப் பூசை முடிந்ததும் ஆளுக்கொரு தம்ளர். ஊர் கமிட்டித் தலைவர் கோமஸ் முதல் தம்ளரைக் கையில் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார். கடலுக்குப் போகிறவர்கள் பாட்டிலில் எடுத்துப் போய் வலை போட்டுவிட்டுக் குடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்த ஒரு கல்யாணத்தில் இலையில் மீன் இல்லை என்று சண்டை மூண்டு, காரணத்தைக் கேட்டதும் அடங்கி, மாப்பிள்ளையும் ஒரு தம்ளர் குடித்துவிட்டுத்தான் தாலி கட்டினான். யாரும் சீந்தாத மீன் குடலும் தலையும் கரையில் கிடக்க, ஊர்ப் பூனைகள் தின்று தின்று மதில் ஏற முடியாமல் மதிலடியிலேயே படுத்துக் கிடந்தன. ஃபபியோலாவின் ஈட்டியோ ஒவ்வொரு நாளும் ஒரு சாண், ஒரு முழம் என்று தள்ளித் தள்ளிப் போய் விழுந்தது.

மருந்துச் சோதனை அதிகாரி ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்தாள். பாலக்காட்டுக்காரி, கையில் முத்திரை வைத்த பெட்டி. ஃபபியோலாவின் மூத்திரத்தைக் குப்பியில் பிடித்து மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தால், வாசலில் ஊர்ப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், சூசையம்மா முன்னால் நிற்கிறாள்.

"மருந்து குடிச்சது நாங்கதான் தாயி. சோதிக்கதுன்னா எங்களைச் சோதிங்க. பிள்ளை மேல பழி வரப்பிடாது."

அதிகாரி கதையை முழுக்கக் கேட்டாள். விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். ரொம்ப நேரம் புரட்டினாள். பிறகு, "வீரர் குடிச்சாத்தான் அம்மா குத்தம். ஊர் குடிச்சா என்ன செய்யணும்னு இதில ஒண்ணும் எழுதலை" என்று சொல்லிவிட்டு, ஆசானைத் தனியே கூப்பிட்டு, தன் அண்ணனுக்கு இடுப்பு வலி, தான் குடித்தால் அவனுக்குக் கேட்குமா என்று விசாரித்துக்கொண்டு போனாள். ஃபபியோலாவின் முடிவு சுத்தமாக வந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள், ஓடி வந்து எறியப் போன ஃபபியோலா தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் பதறினார்கள். சூசையம்மா களத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "ஒரே ஒரு நெத்திலிக் கருவாடுதான்" என்றாள். "கை தன்னால வாயிக்குப் போயிட்டு." மறுநாள் அவள் பத்தியத்துக்குத் திரும்பியதும் வலி போய்விட்டது, பத்தியம் முறிந்தால் பிள்ளைக்கு வலிக்கும் என்பது அன்றோடு ஊருக்கு உறைத்துவிட்டது.

ஆனால் அதே வாரம் இன்னொன்றும் வெளியே வந்தது. கமிட்டித் தலைவர் கோமஸ் தூத்துக்குடி ஓட்டலில் உட்கார்ந்து இரண்டு நண்டை உடைத்து உறிஞ்சியதை ஐஸ் லாரி டிரைவர் கண்ணால் பார்த்திருக்கிறான், அந்த நேரத்தில் ஃபபியோலா மைதானத்தில் சிரித்துக்கொண்டே எறிந்துகொண்டிருந்தாள். ஒரு சுளுக்கும் இல்லை. ஆசானைக் கேட்டார்கள். ஆசான் சங்கடத்தோடு மீசையை நீவிவிட்டு, "அவ வலி யாருக்கு வலிக்குமோ, அவங்க குடிச்சாத்தான் அங்க போய்ச் சேரும். மத்தவங்களுக்கு அது வெறும் கசாயந்தான்" என்றார். கோமஸ் அதற்குப் பிறகு பல நாள் முன்வாசல் வழியாக நடமாடவில்லை.

வினை அங்கேதான் பிடித்தது. என் மருந்து போய்ச் சேர்கிறதா இல்லையா என்று ஒவ்வொருவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. வாயால் பாசம் என்று சொல்லிவிடலாம், இப்போது அதை அளக்க வழி வந்துவிட்டதே. ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு துண்டு சாளையை வாயில் போட்டுவிட்டு, மைதானத்துக்கு ஓடி வந்து மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள், ஃபபியோலா "ஆ" என்றால் மனம் நிறைந்து திரும்பிப் போனார்கள். அந்த வாரம் முழுக்க அவள் பாவம், நின்றால் ஆ, நடந்தால் ஆ, சோற்றைப் பிசைந்தால் ஆ. கரையில் பெருமை பேசிக்கொண்டார்கள்: "நான் பாதி நெத்திலிதான் தின்னேன், பிள்ளைக்கு முழங்கை வரைக்கும் இழுத்துட்டு" என்று ஒருத்தி, "என் சாளைக்குப் பிள்ளை ஈட்டியையே கீழ போட்டுட்டா" என்று இன்னொருத்தி. கடைசியில் ஃபபியோலா பூசை முடிந்ததும் எழுந்து நின்று, "எல்லாருக்கும் என் மேல பாசம்தான், நான் நம்புதேன், இனிமே யாரும் நிரூபிக்காதீய" என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் ஊர் அடங்கியது.

இத்தனைக்கும் நடுவில் தனிஸ்லாஸ் சார் நிம்மதியாக மீன் சாப்பிட்டார். மருந்து குடிக்காதவருக்குப் பத்தியம் ஏது? கைப்பக்குவம் மறந்துவிடக்கூடாது என்று வீட்டுக்கு வீடு முறை வைத்து அவருக்குச் சமைத்துக் கொடுத்தார்கள், அவர் சாப்பிடும்போது சன்னலுக்கு வெளியே கூட்டம் நின்று மூச்சை இழுத்தது, "உப்பு சரியா இருக்கா சார், முள் பாத்து சாப்பிடுங்க" என்று ஏக்கத்தோடு கேட்டது. அவரும் கூச்சமில்லாமல் முள்ளை உறிஞ்சிப் போட்டார்.

ஆனால் தோள் முழுக்கச் சரியாகவில்லை. கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பிடிப்பு, எத்தனை தம்ளர் குடித்தும் விடவே மாட்டேன் என்றது, எறிகிற கடைசி நொடியில் அது கையைப் பின்னால் இழுத்தது. ஆசியப் போட்டிக்கான தகுதித் தூரத்துக்குக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் குறைந்தது. ஆசான் தொட்டுப் பார்த்துவிட்டு, "குடிக்க வேண்டிய ஒரு ஆளு இன்னும் குடிக்கல" என்றார். எல்லோரும் தனிஸ்லாஸ் சாரைத்தான் பார்த்தார்கள், ஃபபியோலா மட்டும் வேறு பக்கம் பார்த்தாள்.

"நான் படிச்சவன். இதெல்லாம் எனக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

படிப்பெல்லாம் சும்மா. அவருக்குப் பயம். கோமஸுக்கு நடந்தது தனக்கும் நடந்துவிட்டால்? குடித்து, ஒன்றுமே ஆகாமல் போய்விட்டால்? இத்தனை வருசம் அவளைத் திட்டியதெல்லாம் அக்கறையால்தான் என்று அவர் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தார். மெடலுக்காக, பேருக்காக, சுவரில் தொங்குகிற டிப்ளமாவுக்காகத்தான் என்று ஒரு தம்ளர் கஷாயம் சொல்லிவிட்டால் மிச்ச நாளை எப்படிக் கழிப்பது? வலிக்கிறது என்று சொன்ன பிள்ளையிடம் இன்னொண்ணு எறி என்றவர்தானே அவர். மெட்டில்டாவுக்கு இது தெரியும்.

சென்னையில் நடந்த தேசியப் போட்டிக்கு ஊரே பஸ் பிடித்து வந்தது. கஷாயம் பிளாஸ்க்குகளில் வந்தது, ஆசான் முன் சீட்டில் வந்தார். தனிஸ்லாஸ் சார் அன்று காலை லாட்ஜுக்கு எதிரே இருந்த மெஸ்ஸில், படபடப்புத் தெரியாமல் இருக்க, இட்லிக்கு முந்தின நாள் பாறைமீன் குழம்பை ஊற்றி வயிறு நிறையச் சாப்பிட்டார்.

மைதானத்தில் புல்லுக்குக் குறுக்கே தகுதித் தூரத்துக்குச் சிவப்பில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். ஃபபியோலா எறிந்த ஈட்டிகள் அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே போய்க் குத்தின. ஒவ்வொரு முறையும் அந்தப் பிடிப்பு கையைப் பின்னால் இழுப்பது கம்பிவேலி ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவருக்கு நன்றாகத் தெரிந்தது. கடைசி எறி மட்டும் மிச்சம். அவளுக்கு முன்னால் இன்னும் சிலர் எறிய வேண்டியிருந்தது. அவள் தனியே நின்று, யாரையும் பார்க்காமல், ஒரு துணியால் ஈட்டியைத் துடைத்தாள். இடது கையால் துடைத்தாள்.

அவர் மெட்டில்டா பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். "மருந்து இருக்கா?"

பிளாஸ்க் மூடி நிறைய வந்தது. வேம்பும் மண்ணும் சேர்ந்த கசப்பு. ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. மைக்கில் யாரோ யாருடைய பெயரையோ சொன்னார்கள். அவருக்குக் கோமஸின் பூட்டிய முன்வாசல் ஞாபகம் வந்தது. தெரிந்த விஷயந்தானே, இதற்கு எதற்குக் கண் கலங்குகிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டு கண்ணைத் திறந்தார்.

அப்போது ஃபபியோலா அலறினாள். ஈட்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தோளைப் பிடித்துக்கொண்டு புல்லில் மண்டியிட்டாள். அவள் இதுவரை அலறிய எந்த அலறலும் இதற்குக் கிட்டே வராது.

புன்னைத்துறை மொத்தமும் எழுந்து நின்றது. "ஆரு தின்னது? ஆரு?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மெட்டில்டாதான் மெதுவாகச் சொன்னாள். "இவியதான். காலையில இட்லிக்குப் பாறைக் குழம்பு."

பிள்ளை அங்கே துடித்துக்கொண்டிருக்க, கடைசி எறி கைவிட்டுப் போகப் போக, அந்த ஊர் சிரித்தது, சிரித்துக்கொண்டே அழுதது. சூசையம்மா வந்து அவர் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இம்புட்டையும் எங்க சார் வச்சிருந்தீய?" என்றாள். அவருக்கு ஒரு பக்கம் கடைசி எறி போய்விடுமே என்று பயம், இன்னொரு பக்கம், சொன்னால் வெட்கம், உடம்பெல்லாம் சந்தோசமாக இருந்தது.

"ஓய், நின்னுட்டு என்ன செய்யீரு" என்று ஆசான் மேல்படியிலிருந்து சத்தம் போட்டார். "போய் விரலை விட்டு வாந்தி எடும். மருந்து இறங்கியாச்சு, மீன்தான் மேல வரும்."

அவர் ஓடினார். எத்தனையோ பிள்ளைகளை ஓட வைத்தவர் அன்றுதான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். கேலரிக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. தொண்டைக்குள் விரலை விட்டு, காலை இட்லி, குழம்பு, பாறைத் துண்டு எல்லாவற்றையும் வெளியே தள்ளினார். ஒரு முள்கூட உள்ளே இருக்கக்கூடாது என்று மறுபடி விரலை விட்டார், வெறும் வயிறு சுருண்டு புரண்டது, குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து மைதானம் தெரியாது. மைக் ஃபபியோலாவின் பெயரைச் சொல்வது கேட்டது. அவள் ஓடி வரும் காலடி அவருக்குக் கேட்டிருக்க முடியாது, ஆனாலும் கேட்டதாகவே அவர் பிற்பாடு எல்லோரிடமும் சாதித்தார். பிறகு சத்தமே இல்லை. அதன்பின் புன்னைத்துறை போட்ட கூச்சலில் கேலரித் தகரம் அதிர்ந்தது. சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது என்றும் ஆசியப் போட்டிக்குத் தேர்வு என்றும் மைக் சொன்னது, அதை யாரும் காதில் வாங்கவில்லை.

அவர் குழாயடியை விட்டு அசையவில்லை. வாயைக் கொப்பளித்து முகத்தைக் கழுவினார், கழுவக் கழுவ முகம் நனைந்துகொண்டே இருந்தது.

ஃபபியோலா கேலரியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ரொம்ப வலிச்சுட்டா மக்கா?" என்று கேட்டார். அவர் அவளை மக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"உயிரே போயிட்டு சார்" என்றாள். சிரித்தாள். "அந்த வலி வராதான்னுதான் சார் நான் இத்தனை நாளாக் காத்துக்கிட்டு இருந்தேன்."

எதையாவது திட்டலாமென்று பார்த்தார், கால் வைத்தது சரியில்லை, தோள் தாழ்ந்துவிட்டது, ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசியில், "நல்லா எறிஞ்ச" என்றார்.

"நீங்க பாக்கவே இல்லையே சார்."

"அதைப் பாக்க வேற செய்யணுமாக்கும்" என்றார் தனிஸ்லாஸ் சார், குழாயை இறுக்கி மூடினார்.